முதுகுத்தண்டில் ஸ்க்ரூ வைக்கும் ஆபரேஷன்: போகும் முன்பும் வந்த பிறகும் வீட்டில் செய்ய வேண்டியவை

நம் வீடுகளில் பாதி வேலை தரையில்தான் நடக்கிறது. குனிந்து கோலம் போடுகிறோம், சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறோம், பாயை விரித்துப் படுக்கிறோம், குத்துக்காலிட்டுத் துணி துவைக்கிறோம். முதுகுத்தண்டில் பெரிய ஆபரேஷன் முடிந்து வருபவர் சில மாதங்களுக்குச் செய்யவே கூடாதவை இவைதான். அதனால் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்த நாளிலிருந்தே வீட்டை மாற்றத் தொடங்க வேண்டும். ஆபரேஷன் அறைக்குள் நடப்பதை டாக்டர் பார்த்துக்கொள்வார். அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் மாதங்கள் நம் கையில் இருக்கின்றன.

என் அம்மாவுக்கு எல்4, எல்5 என்ற இரண்டு இடுப்பு எலும்புகளை இணைக்கும் ஆபரேஷன் நடந்தது. கூட இருந்து பார்த்ததையும், டாக்டர்களிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வரிசையாக எழுதுகிறேன். நீங்கள் கேட்டு நடக்க வேண்டியது உங்கள் டாக்டர் சொல்லும் அளவுகளையும் நாட்களையும்தான். அவர் சொல்வது இதிலிருந்து மாறினால் அவர் சொல்வதே சரி.

1. என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள்

இடுப்புப் பகுதியில் 5 எலும்புகள் உண்டு. அவற்றில் ஒன்று முன்பக்கம் நகர்ந்தாலோ நரம்பு போகும் பாதை சுருங்கினாலோ நரம்பு அழுத்தப்படும். கொஞ்ச தூரம் நடந்ததும் கால் மரத்துப்போகும், கடுக்கும், உட்கார்ந்தால் சரியாகும். மாத்திரை, பிசியோதெரபி, ஊசி எதற்கும் அடங்காவிட்டால்தான் பெரும்பாலும் ஆபரேஷன் பேச்சு வரும். நரம்பை அழுத்தும் பகுதியை எடுத்துவிட்டு, எலும்புகளுக்குள் ஸ்க்ரூ போட்டு, ராடு எனும் கம்பியால் இணைத்து, நடுவில் எலும்புத் துண்டுகளை வைப்பார்கள். ஸ்க்ரூ பிடித்து நிறுத்தி வைத்திருக்க, அந்த எலும்புகள் மெல்ல ஒன்றாகச் சேரும். சேர்ந்து முடிய 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகலாம். வலி குறைந்ததும் பழைய வேலைகளுக்குத் திரும்பக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

டாக்டரிடம் ஒரு கேள்வியை விடாமல் கேளுங்கள்: "எந்த வலி போகும், எது போகாது?" நரம்பு அழுத்தத்தால் வரும் கால் வலி நன்றாகக் குறைய வாய்ப்பு அதிகம். முதுகு வலியைப் பற்றி அந்த அளவுக்கு உறுதியாகச் சொல்ல முடியாது. இது முன்பே தெரிந்திருந்தால் பிறகு மனம் உடையாது. அவசரம் இல்லாத நிலையில் இன்னொரு டாக்டரிடமும் எம்.ஆர்.ஐ. படத்தைக் காட்டலாம். அதை எந்த நல்ல டாக்டரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

2. உடம்பைத் தயார் செய்யுங்கள்

பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை எதுவானாலும் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகும் தொடக் கூடாது. நிகோடின் எலும்பு சேருவதைக் கெடுக்கும். கெஞ்சிக் கேட்கிறேன், இந்த ஒன்றில் மட்டும் சமரசம் வேண்டாம்.

சர்க்கரை இருப்பவர்கள் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைச் சீக்கிரமே எடுத்துப் பார்த்துவிடுங்கள். அது கட்டுக்குள் இல்லையென்றால் காயத்தில் கிருமி சேரும் ஆபத்து கூடும், தேதியையே தள்ளிவைக்கச் சொல்லலாம். ரத்தசோகை, வைட்டமின் டி குறைவு, எலும்புத் தேய்மானம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சொத்தைப் பல், சிறுநீரில் தொற்று, ஆறாத புண் எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிச் சரிசெய்துவிட வேண்டும்.

சாப்பிடும் எல்லா மாத்திரையையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நாட்டு மருந்து, சித்த மருந்து, மீன் எண்ணெய் மாத்திரை எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போல ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளைச் சில நாள் முன்பு நிறுத்தச் சொல்லலாம். இதய டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இது உயிர் விஷயம். சர்க்கரைக்கு டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் அதை மயக்க மருந்து டாக்டரிடம் தனியாகக் குறிப்பிட வேண்டும். பொதுவாக 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

3. வீட்டை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள்

நோயாளி அன்றாடம் தொட வேண்டிய எதுவும் இடுப்புக்குக் கீழேயும் தோளுக்கு மேலேயும் இருக்கக் கூடாது. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு ஒவ்வோர் அறையாக நடந்து பாருங்கள்.

முதலில் கழிவறை. இந்தியன் டாய்லெட் மட்டும் இருக்கும் வீடு என்றால், அதன் மேல் வைக்கும் ஓட்டை போட்ட கமோட் ஸ்டூல் கிடைக்கிறது. வாங்கி வைத்துவிடுங்கள். வெஸ்டர்ன் இருந்தாலும் தாழ்வாக இருந்தால் உயரம் கூட்டும் இருக்கை வேண்டும். பிடித்து எழ ஒரு கைப்பிடியைச் சுவரில் அடித்துவிடுங்கள். குளிக்க, வழுக்காத பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று. வாளியைத் தரையில் வைத்தால் ஒவ்வொரு குவளைக்கும் குனிய வேண்டிவரும். அதை ஒரு ஸ்டூல் மேல் ஏற்றிவையுங்கள்.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் முழுவதும் தரையில் பட வேண்டும். குழிவிழுந்த மெத்தை வேண்டாம், பாயும் வேண்டாம். கட்டிலின் இரண்டு பக்கமும் ஆள் வந்துபோக இடம் விட்டால் பார்த்துக்கொள்பவருக்கு எளிது. கட்டிலிலிருந்து கழிவறை வரை வாக்கரோடு நடந்து பாருங்கள். கால்மிதி, சுருண்ட விரிப்பு, வயர், உயரமான நிலைப்படி என்று எவ்வளவு தடை இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். வழியில் இரவு விளக்கு ஒன்று எரியட்டும்.

சமையலறையில் அன்றாடம் எடுக்கும் பருப்பு டப்பா, உப்பு, குக்கர் எல்லாம் மேடைக்கு வரட்டும். அரிவாள்மனைக்குப் பதில் மேடையில் வைத்து நறுக்கும் பலகையும் கத்தியும். குடத்தில் தண்ணீர் தூக்குவது, சிலிண்டர் நகர்த்துவது, கிரைண்டர் கல்லை எடுப்பது எல்லாம் வேறு யார் செய்வார்கள் என்று பேர் சொல்லி முடிவுசெய்துவிடுங்கள். "பார்த்துக்கலாம்" என்று விட்டால் கடைசியில் அம்மாவேதான் தூக்குவார். சாமி விளக்கு தரையில் இருந்தால் அதையும் உயரமான பலகைக்கு மாற்றுங்கள். விளக்கேற்றுவதை நிறுத்தச் சொன்னால் பெரியவர்கள் கேட்க மாட்டார்கள். நின்றபடி ஏற்ற வழி செய்துகொடுத்தால் மனநிறைவோடு ஏற்றுவார்கள்.

துணியையும் யோசியுங்கள். புடவைக்குக் கட்டும் பாவாடை நாடா நேராகக் காயத்தின் மேல் இறுகும். முன்பக்கம் திறக்கும் தளர்வான நைட்டிகள் சில தயாராக இருக்கட்டும். ஆண்களுக்கு லுங்கியைவிட தளர்வான எலாஸ்டிக் பேன்ட் நல்லது. அவிழ்ந்தால் குனிந்து எடுக்க வேண்டியதில்லை. பின்பட்டை உள்ள, வழுக்காத செருப்பு ஒரு ஜோடி. வாக்கர், கமோட் நாற்காலி போன்றவை பல ஊர்களில் வாடகைக்கே கிடைக்கின்றன.

4. எழுந்திருக்கும் முறையை முன்பே பழகுங்கள்

வலியோடு புதிதாகக் கற்பது கடினம். அதனால் ஆபரேஷனுக்கு முன்பே தினமும் செய்து பழகிவிட வேண்டும்.

மல்லாந்து படுத்திருக்கும்போது இரண்டு முழங்காலையும் மடக்குங்கள். தோளும் இடுப்பும் முழங்காலும் ஒரே நேரத்தில், மரக்கட்டை உருள்வதைப் போல, ஒரு பக்கமாகத் திரும்ப வேண்டும். இடுப்பு முதலில், தோள் பிறகு என்று முறுக்கக் கூடாது. கட்டில் ஓரத்துக்கு வந்ததும் கால்களைக் கீழே தொங்கவிட்டபடியே கையை ஊன்றி எழுந்து உட்காருங்கள். தலைசுற்றல் இல்லையென்று தெரிந்த பிறகு நிற்கலாம். படுக்கும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். பார்த்துக்கொள்பவரும் சேர்ந்து பழகட்டும். அக்குளில் கைகொடுத்து இழுத்துத் தூக்கும் வழக்கம் இங்கே உதவாது.

5. பணமும் காகிதங்களும்

தனியார் காப்பீடு என்றால் முன் அனுமதிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து விண்ணப்பம் போக வேண்டும். ஸ்க்ரூ, ராடு போன்றவற்றின் விலையை அவர்கள் முழுதாக ஏற்கிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. உங்கள் ஆபரேஷன் அந்த ஆஸ்பத்திரியில் அதன்கீழ் வருமா என்று அங்குள்ள கவுன்ட்டரில் விசாரிக்கவும். ரத்தம் கொடுக்க ஆள் கேட்டால் யாரைக் கூப்பிடுவது என்றும் யோசித்து வையுங்கள்.

6. ஆஸ்பத்திரியில்

ஆபரேஷனுக்கு முந்தைய இரவும் ஆபரேஷன் அன்று காலையும் அவர்கள் தரும் கிருமிநாசினி சோப்பில் குளிக்க வேண்டும். முதுகில் முடி மழிக்கும் வேலையை வீட்டில் பிளேடால் செய்யாதீர்கள், சிறு கீறல்கூடக் கிருமிக்கு வழி. எப்போதிலிருந்து சாப்பிடக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கமாகச் சாப்பாட்டை 6 மணி நேரம் முன்பு நிறுத்துவார்கள். பால் கலந்த காபியும் சாப்பாட்டுக் கணக்கில்தான் சேரும்.

ஆபரேஷன் பல மணி நேரம் நடக்கும், அவ்வளவு நேரமும் குப்புறப் படுக்க வைத்திருப்பார்கள். வெளியே வரும்போது முகம் வீங்கியிருக்கலாம், பயப்பட வேண்டாம். யூரின் ட்யூப், காயத்திலிருந்து ரத்தம் வடிய ஒரு ட்யூப், கையில் டிரிப்ஸ் எல்லாம் இருக்கும். பெரும்பாலும் அடுத்த நாளே நடக்க வைப்பார்கள். "இப்போதேவா?" என்று உறவினர்கள் பதறுவார்கள். ஆனால் சீக்கிரம் நடப்பதுதான் காலில் ரத்தக் கட்டியும் நுரையீரலில் சளியும் சேராமல் காக்கும். படுத்திருக்கும்போதெல்லாம் பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். மூன்று பந்துள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி கொடுத்தால் மணிக்கு ஒருமுறை ஞாபகப்படுத்துங்கள்.

7. வீட்டில் முதல் ஆறு வாரம்

மூன்று தடைகள்: குனியக் கூடாது, முறுக்கித் திரும்பக் கூடாது, பளு தூக்கக் கூடாது. ஒரு தட்டு, ஒரு தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான் தூக்கலாம். பேரக்குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைக்கக் கூடாது என்று குழந்தையின் பெற்றோரிடமும் சொல்லிவையுங்கள்.

முதல் வாரங்களில் மருந்தைப் போலவே நடையும் முக்கியம். ஒரேயடியாக நீண்ட தூரம் வேண்டாம். சமதரையில் சில நிமிடம், நாளில் பலமுறை, வாராவாரம் கொஞ்சம் கூட்டலாம். ஒரே இடத்தில் நீண்ட நேரம் உட்கார்ந்திருக்கக் கூடாது. அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழ வேண்டும். சோபா வேண்டாம், கைவைத்த உறுதியான நாற்காலி போதும். இடுப்பில் கட்டும் பெல்ட்டை எப்போது போடுவது, எப்போது கழற்றுவது என்பது டாக்டர் சொல்லும்படி.

தையல் பிரிக்கும் வரை, அதாவது ஏறக்குறைய 10 முதல் 14 நாள் வரை, காயம் நனையக் கூடாது. ஈரத்துணியால் துடைத்துவிடலாம். எண்ணெய்க் குளியல், தடவி விடுவது, காயத்தில் மஞ்சள் பூசுவது எதுவும் வேண்டாம்.

சாப்பாட்டில் நான் கண்ட பெரிய சிக்கல் பத்தியம்தான். பருப்பு சாப்பிட்டால் சீழ் வைக்கும், முட்டையும் மீனும் ஆகாது என்று அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் காயம் ஆறவும் எலும்பு சேரவும் புரதம் வேண்டும். ரசம் சாதத்தை மட்டும் கொடுத்து ஒரு மாதம் வைத்திருந்தால் உடம்பு எதை வைத்து ஆறும்? முட்டை, மீன், பயறு, தயிர், கொண்டைக்கடலை எல்லாம் கொடுங்கள். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும்.

டிரமடால் போன்ற வலி மாத்திரைகள் மலச்சிக்கலைக் கொண்டுவரும். முக்கினால் முதுகில்தான் வலிக்கும். தண்ணீர், கீரை, பழம் போதாவிட்டால் மலமிளக்கியை டாக்டரிடம் முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையை நீங்களாக வாங்காதீர்கள். அந்த வகை எலும்பு சேருவதைத் தாமதப்படுத்தலாம் என்பதால் சில டாக்டர்கள் தவிர்ப்பார்கள். நரம்பு வலிக்குத் தரும் ப்ரிகாபாலின் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

பார்க்க வருபவர்களை வாரம் இரண்டு தள்ளி வரச் சொல்லலாம். வந்தால் மரியாதைக்காக நோயாளி உட்கார்ந்தே இருப்பார், அதுதான் கஷ்டம். "அம்மா படுக்கணும்" என்று வீட்டில் ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும்.

கால் வலி போய்விட்டு இரண்டாவது வாரத்தில் கொஞ்சம் எட்டிப்பார்ப்பதும் உண்டு. வீங்கிய நரம்பு அடங்க நாள் ஆகும். மரத்துப்போன இடம் உணர்வு பெற மாதங்கள் ஆகலாம். மனம் சோர்ந்து, காரணமில்லாமல் அழுகை வரும் நாட்களும் வரும். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

சிறுநீர் வராமல் போவது, அல்லது சிறுநீரோ மலமோ தெரியாமல் போவது. பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போவது. காலில் புதிதாக வலுக் குறைவது. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிப்பது. 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், காயத்தில் சீழ் அல்லது தெளிந்த நீர் வடிவது, எழுந்தால் கடும் தலைவலி வந்து படுத்தால் குறைவது. இவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் நேராக 108.

8. அதற்குப் பிறகு

ஆறாவது வாரம் வாக்கில் எக்ஸ்ரே எடுப்பார்கள், பிறகு 3, 6, 12 மாதங்களில் மறுபடி வரச் சொல்லலாம். வலி இல்லை என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள், எலும்பு சேர்ந்ததா என்பது படத்தில்தான் தெரியும். வயிறு, இடுப்புத் தசைகளுக்கான பயிற்சிகளைப் பிசியோதெரபிஸ்ட் தொடங்குவது இந்தக் காலத்தில்தான். யூடியூபில் பார்த்து யோகா தொடங்க வேண்டாம். டூவீலர், நீண்ட பஸ் பயணம், தரையில் உட்காருவது, மலைக்கோயில் படி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "எல்லாம் செய்யலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும்.

டிஸ்சார்ஜ் சம்மரியையும், உள்ளே வைத்த ஸ்க்ரூவின் விவரம் உள்ள ஸ்டிக்கர் அல்லது அட்டையையும் பத்திரப்படுத்தி, செல்போனில் படமும் எடுத்துவையுங்கள். இனி எங்கே எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் அதை முதலில் காட்ட வேண்டும். டைட்டானியம் என்றால் பெரும்பாலும் எடுக்க முடியும், ஆனால் முடிவு ஸ்கேன் மையத்தில் இருப்பவருடையது.