மல்லாட்டைத் தோலில் ஈயம் பிடிக்கும்போது எங்கே சறுக்குகிறோம்

கடலூர் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலைத் தோலுக்கும் கரும்புச் சக்கைக்கும் பஞ்சமில்லை, குடிகாடு சிப்காட் தொழிற்பேட்டையும் உப்பனாறும் பக்கத்திலேயே இருக்கின்றன, அதனால் விவசாயக் கழிவை வைத்துத் தண்ணீரிலிருந்து கன உலோகத்தை எடுக்கலாம் என்று இங்கே யாருக்கும் தோன்றுவது இயல்புதான். எடுக்கவும் முடியும். ஆனால் சக்கையை (தோலையும் சேர்த்தே சொல்கிறேன்) கழுவாமல் அப்படியே போட்டால் சாயமும் துவர்ப்பும் இறங்கித் தண்ணீர் பழுப்பாகிவிடும். பண்ருட்டி முந்திரி ஓட்டைப் பச்சையாகத் தொடவே வேண்டாம், அதன் எண்ணெய் பட்டால் கை கொப்புளித்துவிடும்.

பெரிய தவறு பிஎச், அதாவது தண்ணீரின் அமிலக் கார அளவு, பார்க்காதது. ஈயம், காட்மியம், நிக்கல் எல்லாம் நேர்மின் அயனிகள், பிஎச் 5, 6 வாக்கில் சக்கையில் நன்றாக ஒட்டும். அமிலம் கூடினால் சக்கையில் உலோகம் ஒட்டும் இடத்தை ஹைட்ரஜன் அயனி பிடித்துக்கொள்ளும். ஆறு இணைதிறன் குரோமியம் இதற்கு நேர் எதிர், அது எதிர்மின் அயனியாக இருப்பதால் பிஎச் 2ஐ ஒட்டித்தான் நன்றாகப் பிடிபடும், அதிலும் ஒரு பகுதி மூன்று இணைதிறனுக்கு மாறித் தண்ணீரிலேயே தங்கிவிடும் என்பதால் மொத்தக் குரோமியத்தையும் அளக்க வேண்டும். சரி, பிஎச்சை 8, 9க்கு ஏற்றினால்? உலோகம் ஹைட்ராக்சைடாகத் தானே படிந்துவிடும், நாம் சக்கைக்குப் பாராட்டு கொடுத்துக்கொண்டிருப்போம். சக்கை போடாத ஒரு பீக்கரைக் கூடவே வைத்தால் உண்மை தெரிந்துவிடும்.

அப்புறம், '95 சதவீதம் எடுத்துவிட்டோம்' என்று பெருமைப்படுவது. லிட்டருக்கு 50 மில்லிகிராம் ஈயத்தில் 95 சதவீதம் போனாலும் மிச்சம் 2.5 மில்லிகிராம், குடிநீருக்கு இந்தியத் தரநிர்ணயம் விதித்த வரம்பு 0.01, அதாவது இன்னும் 250 மடங்கு அதிகம். அதுவும் வாலைவடிநீரில் ஈயம் மட்டும் கரைத்துப் பார்த்த கணக்கு. கடல் ஏறி இறங்கும் உப்பனாற்றில் சோடியம், கால்சியம், மக்னீசியம் எல்லாம் கலந்திருக்கும், கால்சியமும் மக்னீசியமும் அதே இடங்களுக்குப் போட்டி போடும். அந்தத் தண்ணீரையே எடுத்துச் சோதித்துப் பாருங்கள்.

எனக்கு வயிற்றைக் கலக்குவது கடைசித் தவறு. வேலை முடிந்த சக்கையைக் குப்பைக் குழியிலோ வயலிலோ கொட்டுவது. உலோகம் எங்கும் மறையவில்லை, தண்ணீரிலிருந்து சக்கைக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். எரித்தால் பெரும்பகுதி சாம்பலில் நிற்கும், கொஞ்சம் புகையோடும் போகும். நீர்த்த அமிலத்தால் கழுவிச் சக்கையைத் திரும்பப் பயன்படுத்தலாம், ஆனால் இப்போது உலோகம் அந்த அமிலத்தில் இருக்கிறது. இரண்டையும் அபாயக் கழிவு என்று எழுதி ஒட்டி, மாடு வாய் வைக்காத இடத்தில் மூடி வைத்து, அனுமதி பெற்றவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும்.