பழைய ஆம்னிக்கு வீட்டிலேயே பெயிண்ட்: கலருக்கு முன்னால் துருவைப் பாருங்கள்

மாருதி ஆம்னி தயாரிப்பு 2019-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் தூத்துக்குடி, நாகப்பட்டினம், ராமேஸ்வரம் பக்கம் போனால் தண்ணீர் கேன், மீன் பெட்டி, பந்தல் சாமான் என்று எதையாவது ஏற்றிக்கொண்டு அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 796 சிசி எஞ்சினை எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டிவிடுவார், அதனால் இந்த வண்டி எஞ்சினால் சாவது அபூர்வம். தகடு அரித்துத்தான் சாகும். எனவே வீட்டு வாசலில் நிறுத்தி நாமே பெயிண்ட் அடிக்கலாம் என்று இறங்குகிறவர்கள் ஒன்றைப் புரிந்துகொண்டு இறங்கவேண்டும். மேலே அடிக்கிற கலர் கண்ணுக்கு. வண்டியைக் காப்பாற்றுவது நீங்கள் சுரண்டி எடுக்கிற துருவும், அடைப்பு எடுத்துவிடுகிற ஓட்டைகளும், உள்ளே போகிற மெழுகும்தான். நேரத்தில் முக்கால் பங்கை அதற்கு ஒதுக்குங்கள்.

கலரை மாற்றாமல் இருந்தால் தலைவலி குறைவு. ஆர்சியில் வண்டியின் நிறம் பதிவாகியிருக்கும், வேறு நிறம் அடித்தால் ஆர்டிஓ அலுவலகத்தில் சொல்லி ஆர்சியில் ஏற்றவேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்கவேண்டும். ராணுவப் பச்சை மட்டும் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம், அது பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும் உரியது. வெள்ளை வண்டி என்றால் வெள்ளையே அடியுங்கள். கையால் அடிக்கும்போது வருகிற சின்னச் சின்ன மேடு பள்ளம் வெள்ளையில் தெரியாது, கறுப்பில் ஊருக்கே தெரியும்.

எப்போது செய்வது

தை மாசியிலிருந்து பங்குனி வரைக்கும் நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் தொடவே வேண்டாம். காலையில் பனி ஈரம் காய்ந்த பிறகு ஆரம்பித்து, கடல்காற்று அடிக்கத் தொடங்குவதற்கு முன்னால் முடித்துவிடவேண்டும், ஏனென்றால் மதியத்துக்கு மேல் அந்தக் காற்று ஈரத்தையும் உப்பையும் சேர்த்துக் கொண்டுவரும். நேர் வெயிலிலும் அடிக்கக்கூடாது. தகடு சுடுகிற சூட்டில் பெயிண்ட் பரவுவதற்குள் காய்ந்து கோடு கோடாக நிற்கும். கீற்றுக் கொட்டகையோ, மேலே தார்ப்பாய் கட்டிய நிழலோ போதும், தரையில் மட்டும் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கிவிடுங்கள்.

துரு எங்கே இருக்கிறது

வெளியே பழுப்பாகத் தெரிகிற இடத்தை எல்லோரும் பார்ப்பார்கள். துரு ஆரம்பிப்பது தண்ணீர் தேங்குகிற இடத்தில். ஆம்னியில் முதலில் பார்க்கவேண்டியது பக்கவாட்டு ஸ்லைடிங் கதவுக்குக் கீழே ஓடும் தண்டவாளம். அதில் மண்ணும் முடியும் கடலை மிட்டாய்த் தாளும் சேர்ந்து களிமண் மாதிரி இறுகிக்கிடக்கும், மழைக்காலம் போய் ஒரு மாதம் ஆனாலும் அதற்கு அடியில் ஈரம் இருக்கும். அடுத்து முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள பீடிங் ரப்பரின் கீழ் மூலைகள், கூரை ஓரத்து மழைத்தண்ணீர்க் கால்வாய், முன் சீட்டுக்குக் கீழே டயர் சேற்றை வாரி அடிக்கிற வளைவு, டிக்கிக் கதவின் கீழ் மடிப்பு, பேட்டரி உட்காரும் தட்டு. கடைசியாக உள்ளே ரப்பர் மேட்டைத் தூக்கிப் பாருங்கள். மீன் ஏற்றிய வண்டி என்றால் ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் மேட்டுக்கு அடியில் போய் தகட்டைப் படலம் படலமாகப் பெயர்த்து வைத்திருக்கும்.

ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் எல்லா இடத்திலும் தட்டுங்கள். நல்ல தகடு 'டங்'கென்று சத்தம் கொடுக்கும், அரித்த தகடு 'பொத்'தென்று அமுங்கும். சந்தேகம் வந்தால் முனையால் குத்திப் பாருங்கள், இப்போது ஓட்டை விழுவதே நல்லது. முன்பு யாராவது பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) போட்டு மூடியிருக்கிறார்களா என்று தெரிய, துணி சுற்றிய காந்தத்தைத் தகட்டில் ஓட்டினால் போதும், பட்டி கனமாக இருக்கும் இடத்தில் ஒட்டாது.

ஓட்டை கதவிலோ மட்கார்டிலோ இருந்தால் நீங்களே சமாளிக்கலாம். சேசிஸ், சஸ்பென்ஷன் பிடிக்கும் இடம், சீட் பெல்ட் மாட்டும் இடம் இவற்றில் இருந்தால் வண்டியை நேராகத் தகடு வேலை செய்யும் டிங்கரிடம் கொண்டுபோய் அரித்ததை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். அங்கே ஃபைபரும் பட்டியும் வைத்து மூடுவது உயிரோடு விளையாடுவது. பல ஆம்னிகளில் கேஸ் கிட் இருக்கும். பொறி பறக்கிற எந்த வேலைக்கும் முன்னால், கிரைண்டர் போடுவதானாலும் சரி, தெரிந்த ஆளை வைத்து சிலிண்டரைக் கழற்றிவிடுங்கள், பேட்டரி வயரையும் எடுத்துவிடுங்கள், பெட்ரோல் டேங்க் பக்கம் கிரைண்டரே கூடாது.

சுரண்டுதல்

முதலில் கழுவுங்கள். உப்பு மேலே இருக்கும்போதே தேய்த்தால் அது தகட்டின் குழிகளுக்குள் போய் உட்காரும், பெயிண்டுக்கு அடியில் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நம் ஊர்களில் ஒரு கூடுதல் சிக்கல், போர் தண்ணீரே உப்பாக இருப்பது. சோப்புப் போட்டுக் கழுவுவதற்கு அது பரவாயில்லை, கடைசியாக அலசுவதற்கு இரண்டு குடம் நல்ல தண்ணீர் வேண்டும். கழுவிய பிறகு ஒரு நாள் முழுக்கக் கதவுகளைத் திறந்துபோட்டுக் காயவிடுங்கள்.

அப்புறம் கம்பி பிரஷ், கிரைண்டரில் மாட்டும் கப் பிரஷ், 80 நம்பர் உப்புத்தாள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், கப் பிரஷ்ஷிலிருந்து தெறிக்கும் கம்பி ஊசி மாதிரி வரும். பெயிண்ட் குமிழ் விட்ட இடத்தை மட்டும் சுரண்டி நிறுத்தாதீர்கள். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும், அதனால்தான் பெயிண்டைத் தூக்குகிறது, குமிழின் ஓரத்தைத் தாண்டியும் அது ஊர்ந்திருக்கும். பளபளவென்று நல்ல இரும்பும், அதைச் சுற்றி அசையாமல் ஒட்டியிருக்கும் பழைய பெயிண்டும் வருகிற வரைக்கும் போங்கள். பழைய பெயிண்டின் ஓரத்தை விரலால் தடவினால் படி தட்டக்கூடாது, சரிவாக இருக்கவேண்டும்.

எவ்வளவு தேய்த்தாலும் குழிகளுக்குள் கறுப்பாகப் புள்ளி புள்ளியாக மிச்சம் நிற்கும். அதற்குத்தான் ரஸ்ட் கன்வர்ட்டர். பாஸ்பாரிக் ஆசிட் கலந்தது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும், டானின் வகை கறுப்பாக்கி ஒரு படலம் விடும். ஆசிட் வகையை வேலை முடிந்ததும் நன்றாகக் கழுவித் துடைத்து உடனே உலர்த்தவேண்டும், டானின் வகையைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள், டின்னில் என்ன போட்டிருக்கிறதோ அதன்படி செய்யுங்கள். செதில் செதிலாக உதிர்கிற துருவின்மேல் கன்வர்ட்டரை ஊற்றுவது காசுக்குக் கேடு. அது மேல்தோலை மட்டும் மாற்றும், அடியில் துரு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பிரைமர், பட்டி

வெறும் இரும்பை இரவு முழுக்க விட்டுவைக்காதீர்கள். கடலோரத்தில் காலையில் எழுந்து பார்த்தால் மஞ்சள் பூத்திருக்கும். அன்று தேய்த்ததற்கு அன்றே பிரைமர், முடிந்த அளவு மட்டும் தேயுங்கள்.

இங்கே எல்லோரும் கை வைப்பது ரெட் ஆக்ஸைடில். கிரில் கம்பிக்கு அடிக்கிற அதே சாமான். மலிவு, நன்றாக ஒட்டும், எல்லாம் சரி. ஆனால் அது தண்ணீரைத் தடுக்கும் பூச்சு இல்லை. ரெட் ஆக்ஸைடு அடித்துவிட்டு 'அப்புறம் கலர் அடிக்கலாம்' என்று மழையில் ஓடுகிற வண்டிகளை எவ்வளவோ பார்க்கலாம், சிவப்புக்கு அடியில் துரு வளர்ந்தால் வெளியே தெரியவும் தெரியாது. என் ஓட்டு இரண்டு டப்பாவாக வரும் எபாக்ஸி பிரைமருக்கு. விலை கூடத்தான், ஆனால் இந்த வேலையில் காசு போடவேண்டிய இடம் ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான். டின்னில் சொன்ன அளவில் கலந்து, கையுறை போட்டு, பிரஷ்ஷாலேயே இரண்டு கோட் அடிக்கலாம். கலந்தது சில மணி நேரத்தில் கெட்டியாகிவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள்.

பட்டி எப்போதும் எபாக்ஸிக்கு மேலே அல்லது சுத்தமான இரும்புக்கு மேலே, துருவின்மேல் ஒருபோதும் இல்லை. பட்டி தண்ணீரை உறிஞ்சும். 100 கிராமுக்கு 2 கிராம் போல ஹார்டனர் (இறுகவைக்கும் சாமான்), ஒரு தடவைக்கு எலுமிச்சை அளவு கலந்தால் போதும், நம் வெயிலில் ஐந்து நிமிடத்தில் இறுகிவிடும். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரை அள்ளிப் போட்டால் அதன் நிறம் பின்னால் வெள்ளைப் பெயிண்டில் கறையாக எழும்பி வரும். 2, 3 மி.மீட்டருக்கு மேல் பட்டி தேவைப்படுகிறது என்றால் அங்கே முதலில் டிங்கர் வேலை வேண்டும் என்று அர்த்தம். 80, 120, 220 என்று வரிசையாகத் தண்ணீர் இல்லாமல் தேய்த்து இறக்கி, அதன்மேல் மறுபடி பிரைமர். அது காய்ந்தபின் 320, கடைசியாக 400.

கலர்

ஸ்ப்ரே கன்னா, ரோலரா என்று கேட்டால் வீட்டுக்கு ரோலர்தான் என்பேன். ஒர்க்‌ஷாப்பில் அடிக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, ஸ்ப்ரே புகையாக மூச்சில் போனால் ஆஸ்துமா வரவைக்கும், சாதாரணத் துணி மாஸ்க் அதைத் தடுக்காது. பக்கத்து வீட்டுக் குழந்தை விளையாடுகிற தெருவில் அதை அடிக்கக்கூடாது. பி.யூ. பளபளப்புதான் வேண்டும் என்றால் துரு வேலை, பட்டி, பிரைமர் வரை நீங்கள் செய்துவிட்டு, கடைசிக் கோட்டை மட்டும் ஸ்ப்ரே பூத் (மூடிய பெயிண்ட் அறை) வைத்திருக்கும் பெயிண்டரிடம் கொடுத்துவிடுங்கள், செலவில் பெரும்பகுதி கூலிதான் என்பதால் அதுவே நல்ல மிச்சம்.

வீட்டில் என்றால் நல்ல சிந்தெடிக் எனாமல், அதை நீர்க்க வைக்க எம்டிஓ (மினரல் டர்பென்டைன் ஆயில்), 4 அங்குல ஃபோம் ரோலர். ஆம்னி அளவுக்கு 4 லிட்டர் வாங்கினால் நான்கு கோட்டுக்கு வரும். அதற்கு முன்னால் பழைய பெயிண்ட் எது என்று பார்க்க, கண்ணில் படாத ஓர் இடத்தில் தின்னர் நனைத்த பனியன் வேஸ்டை வைத்துத் தேயுங்கள். கலர் கரைந்து துணியில் வந்தால் அது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டாகவோ சரியாக இறுகாத எனாமலாகவோ இருக்கும். எனாமலுக்கு மேல் என்.சி. அடித்தால் தின்னர் கடித்து அடிப்பூச்சு சுருங்கிப் பொங்கிவிடும், என்.சி.க்கு மேல் எனாமல் அடிப்பதில் அந்தத் தொல்லை இல்லை.

முதல் கோட் அசிங்கமாகத்தான் இருக்கும், அடியில் உள்ளது எல்லாம் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து கனமாக இழுத்தால் கண்ணீர் விட்ட மாதிரி வழியும், அவ்வளவுதான். எம்டிஓ சேர்த்து ஓடுகிற பதத்தில் வைத்துக்கொண்டு, கூரையில் ஆரம்பித்து, ஒரு பலகம் ஒரு பலகமாக ரோலரால் பரப்பி, ஈரம் இருக்கும்போதே காய்ந்த ஃபோம் பிரஷ்ஷால் அழுத்தாமல் ஒரே திசையில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் குமிழ்கள் உடைந்துவிடும். கோட்டுக்குக் கோட்டு ஒரு ராத்திரி இடைவெளி. இரண்டாவது கோட்டுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் 600 வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்து, துடைத்து, அடுத்த கோட். மாஸ்கிங் டேப்பைப் பெயிண்ட் முழுதாக இறுகுவதற்குள் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஓரத்தோடு பிய்த்துக்கொண்டு வரும். எனாமல் நனைந்த வேஸ்ட் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போட்டுத்தான் குப்பைக்குக் கொடுக்கவேண்டும். ஒரு மாதத்துக்கு பாலிஷ், வேக்ஸ் எதுவும் வேண்டாம்.

உள்ளேயும் அடியிலும்

வெளியே வேலை முடிந்ததும் பெரும்பாலோர் நிறுத்திவிடுவார்கள். துரு பெரும்பாலும் உள்ளேயிருந்து வெளியே வருவது. கதவுகளின் கீழ் ஓரத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், கண்ணாடி வழியே இறங்குகிற தண்ணீர் வெளியேறுவதற்கு. பெயிண்ட் அடிக்கும்போது அவை அடைபட்டிருக்கும், சைக்கிள் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். அந்த ஓட்டை வழியாகவே நீளக் குழாய் வைத்த கேவிட்டி வேக்ஸை (தகட்டின் உள்ளறைகளுக்கான மெழுகு) உள்ளே அடித்து, ஓரத்தில் சொட்டுகிற வரை விடுங்கள். ரன்னிங் போர்டின் உள்ளேயும் அதே. வேக்ஸ் சொட்டி முடிந்ததும் ஓட்டை மறுபடி திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடிப்பக்கத்துக்கு ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள், ஸ்டாண்டோ ரேம்ப்போ வேண்டும். தார் போன்ற கறுப்பு அண்டர் கோட்டிங் நன்றாகக் காய்ந்த, துருவில்லாத, பிரைமர் அடித்த தகட்டுக்கு மட்டும்தான். துருவின்மேல் பூசினால் விரிசல் வழியே தண்ணீர் உள்ளே போய் வெளியே வரமுடியாமல் மாட்டிக்கொள்ளும். பழைய எஞ்சின் ஆயிலைத் தெளிப்பது லாரிக்காரர்களின் வழக்கம், ஆனால் அது சஸ்பென்ஷன் புஷ் ரப்பரைக் கெடுக்கும், கீழே மண்ணில் சொட்டும். வாட்டர் சர்வீஸில் டீசல் அடிக்கட்டுமா என்று கேட்டாலும் இதே காரணத்துக்காக வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வேக்ஸோ, ஆட்டு ரோமக் கொழுப்பான லனோலினோ அடியுங்கள். எதை அடித்தாலும் பிரேக்கையும் சைலன்சரையும் பாலிதீன் சுற்றி மூடிவிட்டு அடியுங்கள்.

புரட்டாசி முடிவதற்குள் ஒரு தடவை தண்டவாளத்தைச் சுரண்டி, கதவு ஓட்டைகளில் கம்பி விட்டு, கல் பட்டுப் பெயிண்ட் பெயர்ந்த இடங்களை உரசி எபாக்ஸியும் எனாமலும் தொட்டு வைத்துவிடுங்கள். மிச்ச எனாமலை அதற்காகவே ஒரு சின்ன டப்பாவில் விளிம்பு வரை நிரப்பி இறுக மூடி வையுங்கள், உள்ளே காற்று இருந்தால் மேலே ஆடை கட்டிவிடும்.