ஒரே சட்டத்தின் இரண்டு பிரிவுகள் முட்டிக்கொண்டால் எப்படிப் படிப்பது?

சட்டப் புத்தகத்தைப் புதிதாகத் திறப்பவர் சீக்கிரமே ஓர் இடத்தில் திகைத்து நிற்பார். ஒரு பிரிவு 'செய்யலாம்' என்கிறது, நாலு பிரிவு தள்ளி இன்னொன்று 'கூடாது' என்கிறது. உடனே 'இதில் எது செல்லும்?' என்று கேட்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. நீதிமன்றம் அந்தக் கேள்விக்குக் கடைசியாகத்தான் வரும். அது முதலில் கேட்பது: இரண்டுக்கும் தனித்தனியே வேலை இருக்கும்படி படிக்க முடியுமா? இந்த முறைக்கு இணக்கமான பொருள்கோள் என்று பெயர். சட்டமன்றம் ஒரு சொல்லைக்கூட வீணாக எழுதாது என்ற அனுமானமே இதன் அடிப்படை.

பழகுவதற்கு 1960-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 10(2) பிரிவை எடுத்துக்கொள்வோம். 2019 பிப்ரவரி 22 முதல் அதன் இடத்தில் 2017-ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடப்பில் இருக்கிறது. ஆனாலும் முதன்மை விதி, வரம்புரை (அந்த விதிக்கு விலக்கு சொல்லும் பகுதி, proviso), விளக்கம் (ஒரு சொல்லை எப்படிக் கொள்வது என்று சொல்லும் பகுதி, explanation) மூன்றும் ஒரே பிரிவுக்குள் நெருக்கியடித்து நிற்பதால், கற்பதற்கு அது மிக நல்ல பிரிவு.

படி 1: வாசகத்தை உறுதி செய்யுங்கள்

சம்பவம் நடந்த நாளில் நடப்பில் இருந்த வாசகம்தான் உங்களுக்கு வேண்டும். கைக்குக் கிடைத்த பழைய பதிப்பை நம்பக் கூடாது. நம் 10(2)-இல் சிக்கலை உண்டாக்கும் 'விளக்கம்' 1973-இல் திருத்தமாகச் சேர்ந்தது. அதற்கு முன் அச்சான புத்தகத்தை வைத்துப் படித்தால் முரண்பாடே கண்ணில் படாது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். முட்டிக்கொள்பவை இரண்டும் சட்டத்தின் பிரிவுகளா, அல்லது ஒன்று அச்சட்டத்தின் கீழ் அரசு வகுத்த விதியா? விதியும் பிரிவும் ஒத்துப்போகவே வழியில்லை என்றால் பிரிவுதான் நிற்கும். அங்கே கீழே உள்ள படிகள் தேவைப்படாது.

படி 2: ஒவ்வொன்றையும் நான்காக உடையுங்கள்

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: யாருக்கு, எந்த நிலையில், என்ன செய்ய, என்ன விளைவு. 10(2)-ஐ இப்படிப் பிரித்தால் கிடைப்பது:

முதன்மை விதி: வாடகை ஒப்பந்தத்தில் குறித்த கெடு முடிந்து 15 நாளுக்குள் வாடகைதாரர் வாடகை செலுத்தாவிட்டால், வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலர் வெளியேற்ற உத்தரவிட வேண்டும்.

வரம்புரை: வாடகைதாரர் வேண்டுமென்றே தவறவில்லை என்று அலுவலருக்குத் திருப்தி ஏற்பட்டால், 15 நாளுக்கு மிகாமல் அவகாசம் தரலாம். அதற்குள் பணம் வந்துவிட்டால் மனு தள்ளுபடி.

விளக்கம்: வாடகை கேட்டு வீட்டு உரிமையாளர் இரண்டு மாத அறிவிப்பு கொடுத்த பிறகும் பாக்கி தொடர்ந்தால், அது வேண்டுமென்றே தவறியதாகக் கொள்ளப்பட வேண்டும்.

இப்போது முரண்பாடு எங்கே என்பது துல்லியமாகத் தெரிகிறது. வரம்புரை முடிவை அலுவலரின் திருப்திக்கு விடுகிறது. விளக்கமோ அவருக்குப் பதிலாகத் தானே முடிவெடுக்கிறது. முதன்மை விதிக்கு இந்தச் சண்டையில் பங்கே இல்லை. கட்டம் போடாமல் மொத்தமாகப் படிப்பவர்கள், 'பிரிவு முழுக்கக் குழப்பம்' என்று எழுதிவிடுவார்கள். குழப்பம் எப்போதுமே ஓரிரு சொற்களில்தான் இருக்கும், அந்தச் சொற்களைப் பிடிப்பதுதான் இந்தப் படியின் வேலை.

படி 3: இணைப்புச் சொற்களை அடிக்கோடிடுங்கள்

'பிரிவு 5-க்கு உட்பட்டு' என்றால், அந்தச் சொற்களைத் தாங்கி நிற்கும் பிரிவு 5-க்குத் தாழ்ந்தது. 'பிரிவு 5-இல் எது எவ்வாறிருப்பினும்' என்றால் தாங்கி நிற்கும் பிரிவு உயர்ந்தது. இரண்டும் எதிரெதிர்த் திசைகள். அவசரத்தில் மாற்றிப் படிப்பவர்கள் ஏராளம்.

அடுத்து, அந்தச் சொற்கள் எவ்வளவு தூரம் எட்டுகின்றன என்று பாருங்கள். 'இந்த உட்பிரிவில்', 'இந்தப் பிரிவில்', 'இந்தச் சட்டத்தில்' ஆகிய மூன்றுக்கும் எல்லை வேறு. இதன் அருமை தெரிய 1957-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வெங்கடரமண தேவரு வழக்கைப் பார்க்கலாம். அன்றைய சென்னை மாகாணத்தின் தென் கன்னட மாவட்டத்தில் இருந்த மூல்கி வெங்கடரமணர் கோயில் பற்றியது அது. எல்லா வகுப்பு இந்துக்களுக்கும் கோயிலைத் திறந்துவிட அரசமைப்புச் சட்டத்தின் 25(2)(ஆ) உறுப்பு வழி செய்கிறது. ஒரு சமயப் பிரிவு தன் சமய விவகாரங்களைத் தானே நடத்திக்கொள்ளும் உரிமையை 26(ஆ) தருகிறது. கோயில் கௌட சாரஸ்வத பிராமணர்களுக்கு உரியது. யாரை உள்ளே விடுவது என்பது சமய விவகாரமா, இல்லையா?

25(1) 'இந்தப் பகுதியின் பிற வகைமுறைகளுக்கு உட்பட்டு' என்ற சொற்களோடு வருகிறது. ஆகவே 25 முழுவதுமே 26-க்கு அடங்கியது என்று வாதிக்கத் தோன்றும். நீதிமன்றம் காட்டிய விடை எளிமையானது: அந்தச் சொற்கள் முதல் கூறில் மட்டுமே இருக்கின்றன, இரண்டாம் கூறில் இல்லை. இத்தனை நெருக்கமாகப் படிக்கப் பழக வேண்டும்.

படி 4: 'எந்தச் சொல் செத்துப்போகிறது?' என்று சோதியுங்கள்

முழு முறையின் உயிர்நாடி இதுதான், இங்கே நேரம் செலவிடுங்கள். சாத்தியமான எல்லா வாசிப்புகளையும் எழுதி, ஒவ்வொன்றிலும் எந்தப் பகுதி வேலையற்றுப் போகிறது என்று பாருங்கள்.

வாசிப்பு அ: அறிவிப்பு கொடுத்து இரண்டு மாதம் கடந்தால் மட்டுமே 'வேண்டுமென்றே தவறியது' ஆகும். அப்படியானால் அறிவிப்பே கொடுக்காத வழக்குகளில் அலுவலர் எதையும் ஆராய வேண்டியதில்லை. வரம்புரையில் உள்ள 'திருப்தி' என்ற சொல் செத்துவிடுகிறது.

வாசிப்பு ஆ: அறிவிப்புக்குப் பிறகும் அலுவலர் விருப்பம்போல முடிவு செய்யலாம். அப்படியானால் விளக்கத்தில் உள்ள 'கொள்ளப்பட வேண்டும்' செத்துவிடுகிறது. 1973-இல் அதைச் சேர்த்ததற்கே பொருளில்லை.

வாசிப்பு இ: அறிவிப்பு இல்லாத வழக்கில் அலுவலர் சாட்சியங்களைப் பார்த்து முடிவெடுப்பார். அறிவிப்பு கொடுத்தும் கட்டாத வழக்கில் விளக்கம் முடிவைச் சொல்லிவிடும். எந்தச் சொல்லும் வீணாகவில்லை.

1985-இல் சுந்தரம் பிள்ளை எதிர் பட்டாபிராமன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்து சேர்ந்தது இந்த மூன்றாவது வாசிப்புக்குத்தான். வரம்புரையும் விளக்கமும் என்னென்ன வேலை செய்யும் என்று வரிசையாக எடுத்துச் சொல்லும் தீர்ப்பு அது. தொடக்கநிலையில் இருப்பவர்கள் முழுமையாகப் படிக்க வேண்டியதும்கூட.

படி 5: எல்லைக்கல் நடுங்கள்

நிலைமைகளை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாதபோது, எவ்வளவு தூரம் இது, எவ்வளவு தூரம் அது என்று அளவு வைத்துப் பிரிக்கலாம். மூல்கி வழக்கில் நடந்தது அதுதான். கோயில் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும், ஆனால் சமயப் பிரிவினருக்கு மட்டுமே உரிய சில சடங்குகளின்போது மற்றவர்களை விலக்கலாம் என்று தீர்ப்பாயிற்று. அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. பொதுமக்களுக்கு எஞ்சும் வழிபாட்டு உரிமை உருப்படியானதாக இருக்க வேண்டும், வெறும் உமியாக இருக்கக் கூடாது. இந்த நிபந்தனையை விட்டுவிட்டு 'இரண்டும் இணக்கமாகிவிட்டது' என்று எழுதினால், ஒரு தரப்பின் உரிமையைப் பெயரளவுக்குச் சுருக்கிவிட்டோம் என்று பொருள்.

1954-இன் ராஜகிருஷ்ண போஸ் வழக்கு இன்னும் எளிது. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் அன்றைய 33(2) பிரிவு, வாக்காளர் பட்டியலில் உள்ள எவரும் வேட்பாளரை முன்மொழியலாம் என்றது. அரசு ஊழியரின் உதவியைப் பெறுவது ஊழல் நடவடிக்கை என்றது 123(8). அப்படியானால் வாக்காளரான அரசு ஊழியர் முன்மொழியலாமா? இரண்டையும் சேர்த்துப் படித்து நீதிமன்றம் கண்ட விடை: அவர் முன்மொழியலாம், வழிமொழியலாம். அதைத் தாண்டிய உதவியைத்தான் 123(8) தடுக்கிறது.

படி 6: அப்போதும் தீரவில்லையா? சிறப்பு விதியைத் தேடுங்கள்

பொதுவான விதியும் குறிப்பிட்ட நிலைக்கான விதியும் மோதினால், அந்த நிலையில் சிறப்பு விதி செல்லும், மற்ற எல்லா இடத்திலும் பொது விதி. உத்தரப் பிரதேசத் தொழில் தகராறு ஆணை ஒன்று குறித்த ஜே.கே. காட்டன் வழக்கில் இதைச் சொன்னார்கள். விசாரணை நிலுவையில் உள்ளபோது அனுமதி பெறாமல் தொழிலாளியை நீக்கக் கூடாது என்ற கூறு, தகராறுகளைப் பொதுவாகச் சமரச வாரியத்துக்கு எடுத்துச் செல்ல வழிவிடும் கூறைவிட மேலோங்கியது. எண்ணில் பெரியதோ முக்கியமாகத் தோன்றுவதோ 'சிறப்பு' ஆகிவிடாது. படி 2-இல் போட்ட கட்டத்தில் 'எந்த நிலையில்' என்பதைப் பாருங்கள், எது குறுகலோ அதுவே சிறப்பு.

சட்டத்தின் பின்பகுதியில் வருவதே செல்லும் என்று ஒரு பழைய விதியும் உண்டு. வேறு எதுவும் கைகொடுக்காதபோது மட்டும் அதைத் தொடுங்கள்.

அடிக்கடி நேரும் பிழைகள்

'எது எவ்வாறிருப்பினும்' என்று தொடங்கினாலே எல்லாவற்றையும் வென்றுவிடும் என்று நினைப்பது. அந்தத் தொடர், உண்மையில் மோதும் அளவுக்கே வேலை செய்யும். அதை வைத்து, அதைத் தொடர்ந்து வரும், விதியையே சொல்லும் பகுதியின் தெளிவான சொற்களைச் சுருக்கவும் முடியாது என்று 1952-லேயே அஸ்வினி குமார் கோஷ் வழக்கில் சொல்லப்பட்டுவிட்டது. வரையறைப் பிரிவைக் கண்ணை மூடிக்கொண்டு பொருத்துவதும் பிழைதான். பெரும்பாலான வரையறைகள் 'சூழல் வேறுவிதமாகத் தேவைப்படுத்தினாலன்றி' என்ற சொற்களோடுதான் வருகின்றன. வரிச் சட்டத்தில் கூடுதல் கவனம் தேவை: வரி விதிக்கும் விதியில் ஐயம் இருந்தால் அது வரி செலுத்துபவருக்குச் சாதகம், வரிவிலக்கு தரும் அரசு அறிவிக்கையில் ஐயம் இருந்தால் அது அரசுக்குச் சாதகம் என்று 2018-இல் திலீப் குமார் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

முடிவை எழுதும்போது

நான்கு வாக்கியம் போதும். முட்டும் சொற்கள் எவை, நிராகரித்த வாசிப்புகளில் எந்தச் சொல் வீணாகிறது, ஏற்ற வாசிப்பில் ஒவ்வொன்றின் எல்லை என்ன, நம் வழக்கு எந்தப் பக்கம் விழுகிறது. நம் உதாரணத்தில் கடைசி வாக்கியம் இப்படி வரும்: 'உரிமையாளர் இரண்டு மாத அறிவிப்பு கொடுத்ததற்கு ஒப்புகை அட்டை தாக்கல் செய்யப்பட்டுள்ளது, கெடு முடிந்தும் பாக்கி நிற்கிறது, ஆகவே இவ்வழக்கு விளக்கத்தின் கீழ் வருகிறது.'