கை மரத்துப்போகுதா? முதலில் சுண்டுவிரலைப் பாருங்கள்

நெல்லை மாவட்டம் முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் சுளவை (முறத்தை) மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்கள் நாலு பேரிடம் கேளுங்கள். "ராத்திரி கை மரத்து முழிப்பு தட்டிருது, உதறுனாத்தான் சரியாவுது" என்று ஒருத்தராவது சொல்வார். உடனே எண்ணெயோடு சுளுக்கு வழிக்க ஓட வேண்டாம். நெரிபடுவது எந்த நரம்பு என்று வீட்டிலேயே ஓரளவு பிடித்துவிடலாம்.

முதலில், மரக்கும்போதே மரத்த விரல்களில் பேனாவால் புள்ளி வையுங்கள். விடிந்தபின் யோசித்தால் "கை முழுக்க" என்றுதான் தோன்றும்.

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரலில் பாதி, ஆனால் சுண்டுவிரல் தப்பித்திருக்கிறது என்றால் மீடியன் நரம்பின் மேல் சந்தேகம். மணிக்கட்டில் எலும்புக்கும் கெட்டியான பட்டைக்கும் நடுவே 9 தசைநாண்களோடு அது போகிறது, ஆனித் தேரோட்டத்தில் ரதவீதிச் சந்துக்குள் மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி. உள்ளே கொஞ்சம் வீங்கினாலும் நசுங்குவது நரம்புதான். இதுதான் கார்ப்பல் டனல் பிரச்சினை. சர்க்கரை, தைராய்டு குறைவு, கர்ப்பம் இருந்தால் வாய்ப்பு அதிகம்.

சுண்டுவிரலும் மோதிரவிரலின் மறுபாதியும் மரத்தால் அல்நார் நரம்பு. முழங்கையில் இடித்துக்கொண்டால் சுர்ரென்று ஷாக் அடிக்குமே, அதேதான். முழங்கையை மடக்கி மணிக்கணக்கில் போன் பேசுகிறவர்கள் கவனிக்க. மணிக்கட்டையே தூக்க முடியாமல் தொங்கினால் ரேடியல் நரம்பு; நாற்காலி முதுகில் கையைத் தொங்கவிட்டுத் தூங்கினால்கூட வரும்.

அடுத்து, மீடியன் நரம்புதானா என்று பார்க்கும் பேலன் சோதனை. இரண்டு புறங்கைகளையும் ஒட்டவைத்து, விரல்கள் கீழே பார்க்க மணிக்கட்டை மடக்கி 60 விநாடி பிடியுங்கள். கட்டைவிரல் முதல் மோதிரவிரல் பாதி வரை விறுவிறுத்தால் சந்தேகம் வலுக்கும். ஒன்றும் ஆகாவிட்டாலும் நோய் இல்லை என்று அர்த்தமில்லை.

மீடியன்தான் என்று பட்டால், மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்பிளிண்ட் வாங்கி நாலு முதல் ஆறு வாரம் ராத்திரி கட்டுங்கள். மெடிக்கலில் கிடைக்கும். இறுக்கிக் கட்டினால் வேலைக்கு ஆகாது. பகலில் இலை வெட்டும்போது இடையிடையே கத்திரியைக் கீழே வைத்துக் கையை நீட்டி மடக்குங்கள். சம்பளம் எண்ணிக்கைக்கு என்பதால் இதுதான் கஷ்டம், தெரியும்.

கட்டைவிரல் அடிச்சதை மெலிந்தாலோ, பொத்தான் போட முடியாமல் பொருள் நழுவினாலோ காத்திருக்கக் கூடாது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலோ, தெரிந்த நரம்பு டாக்டரிடமோ காட்டுங்கள். நரம்பில் மின்னோட்டம் ஓடும் வேகத்தை அளந்து பார்ப்பார்கள். கார்ப்பல் டனல் என்றால், தேவைப்பட்டால் மணிக்கட்டில் உள்ள அந்தக் கெட்டியான பட்டையை வெட்டிவிடுவார்கள். பெரும்பாலும் கையை மட்டும் மரக்கவைத்தே முடிந்துவிடும். தள்ளிப்போட்டால் மெலிந்த சதை முழுசாகத் திரும்பாமல் போகலாம்.

திடீரென்று ஒரு பக்கக் கை விழுந்து, வாய் கோணி, பேச்சு குழறினால் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.