ஆல்ப்ஸில் நான்கு ஊர் பனிச்சறுக்குப் பயணம்: போக்குவரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன குளிர்காலத்துக்கு முன்னால் நண்பர் ஒருவர் தன் பயணத் திட்டத்தை எனக்கு அனுப்பினார். ஜெனீவாவில் இறங்கி பிரான்சில் ஷமோனி, சுவிட்சர்லாந்தில் செர்மாட், ஆண்டர்மாட், கடைசியாக ஆஸ்திரியாவில் சாங்க்ட் ஆன்டன். நான்கு ஊர், பத்து நாள். எந்த நாள் எந்தச் சரிவு, யார் ஸ்கீ, யார் ஸ்னோபோர்டு, எங்கே மதியச் சாப்பாடு என்று எல்லாமே அதில் இருந்தது. ஊர் மாறும் நாட்களுக்கு மட்டும் ஒரே ஒரு வரி: "காலையில் கிளம்பி, மதியம் ஸ்கீ."

அந்த ஒரு வரியைத்தான் உட்கார்ந்து பேசித் திருத்தினோம். நான் சூரிச்சில் இருப்பதால் இந்த வழிகளில் அடிக்கடி போய் வருகிறேன். ஊரிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் உறவினர்களும் நண்பர்களும் கேட்பது பெரும்பாலும் பனியைப் பற்றித்தான். அவர்கள் திட்டம் தடுமாறுவதோ எப்போதும் ரயிலிலும் சாலையிலும்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் தவறு, தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பது. ஷமோனிக்கும் செர்மாட்டுக்கும் நேர்கோட்டில் 70 கிலோமீட்டர்கூட வராது. ஆனால் நடுவில் நிற்பவை 4,000 மீட்டர் மலைகள். ரயிலில் போனால் ஷமோனியிலிருந்து வலோர்சின் வழியாக மார்ட்டினி, அங்கிருந்து ரோன் பள்ளத்தாக்கில் விஸ்ப், விஸ்பில் மாறி மலையேறும் குறுகிய பாதை ரயிலில் செர்மாட். இணைப்பு ரயில் எதுவும் தவறாமல் இருந்தாலே சுமார் 4 மணி நேரம். பத்து மணிக்கு அறையைக் காலி செய்து கிளம்புகிறவர் செர்மாட்டில் பையை இறக்கி, பூட்ஸ் மாட்டி, லிஃப்ட் டிக்கெட்டோடு நிற்கும்போது மூன்று மணி தாண்டியிருக்கும். சறுக்குபவர்களை மலைமேல் ஏற்றிச் செல்லும் லிஃப்ட்கள், மேலே இருப்பவை முதலில், ஒவ்வொன்றாக நிற்கத் தொடங்குகிற நேரம் அது. ஒரு நாள் டிக்கெட்டின் விலை கொடுத்து ஒரே ஒரு தடவை சறுக்கி இறங்குவதற்கா இவ்வளவு அவசரம்?

ஊர் மாறும் நாளைப் பயண நாள் என்றே எழுதிவிடுங்கள். நான்கு ஊர் என்றால் அப்படி மூன்று நாள் போகும். பத்து நாளில் அது அதிகம் என்று தோன்றினால் ஓர் ஊரைக் குறையுங்கள். நண்பரிடம் நான் ஆண்டர்மாட்டை விடச் சொன்னேன். அவர் கேட்கவில்லை, இரண்டு நாள் விடுப்பைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதுவும் சரிதான்.

அடுத்தது கணவாய். பெரும்பாலோர் இந்தப் பயணத்தைச் செப்டம்பரில் உட்கார்ந்து திட்டமிடுகிறார்கள். அப்போது வரைபடச் செயலியில் செர்மாட் பக்கமிருந்து ஆண்டர்மாட்டுக்கு வழி கேட்டால், ஃபுர்கா கணவாய் வழியாக அழகாக ஒரு நீலக் கோடு காட்டும். 2,400 மீட்டருக்கு மேல் இருக்கும் அந்தச் சாலை குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும். ஆண்டர்மாட்டுக்குக் கிழக்கே இருக்கும் ஓபரால்ப் கணவாய்ச் சாலையும் அப்படியே. கிரிம்செல் கணவாயும் அப்படியே. குளிர்காலத்தில் ஃபுர்காவைக் கடக்க ஓபர்வால்ட் என்ற சின்ன ஊரில் காரை ரயிலில் ஏற்ற வேண்டும். 1982-இல் திறந்த, 15 கிலோமீட்டருக்கும் அதிக நீளமான சுரங்கம் வழியாக மலைக்கு அந்தப் பக்கம் ரேயால்ப்பில் இறக்கிவிடுவார்கள். காரை விட்டு இறங்க வேண்டியதில்லை. கைப்பிரேக் போட்டு, கியரில் விட்டு, இருட்டில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் அந்தக் கார் ரயிலும் எல்லா நாளும் ஓடும் என்று நினைக்கக் கூடாது. ஒரு பிப்ரவரியில் நாங்கள் ஓபர்வால்டுக்குச் சில ஊர்கள் முன்னால் இருந்தபோது, பனிச்சரிவு அபாயம் என்று வழியை மூடிவிட்டார்கள். வண்டிகள் வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்தன. நாங்களும் பள்ளத்தாக்கிலேயே கீழே வந்து, கோப்பென்ஸ்டைனில் இன்னொரு கார் ரயிலில் ஏறி, காண்டர்ஸ்டெக், லூசர்ன் என்று நாட்டையே பாதி சுற்றிக்கொண்டு ஆண்டர்மாட் போய்ச் சேர்ந்தபோது இரவாகிவிட்டது. பின்னிருக்கையில் பசியோடு இரண்டு பிள்ளைகள். அன்றிலிருந்து மலையைக் கடக்கும் எந்த நாளிலும் காலையில் முதல் வேலையாகச் சாலை நிலவரத்தைப் பார்க்கிறேன். இரண்டாவது வழியையும் முந்தைய இரவே எழுதி வைத்துக்கொள்கிறேன். மாலைக்குள் போயே ஆக வேண்டும் என்று அந்த நாளில் எதையும் பதிவு செய்வதில்லை.

ரயிலில் போகிறவர்களுக்கு இதே வழியில் வேறொரு குழப்பம் வருகிறது. செர்மாட்டிலிருந்து ஆண்டர்மாட்டுக்கு கிளேசியர் எக்ஸ்பிரஸ் என்ற சுற்றுலா ரயில்தான் ஒரே ரயில் என்று நினைத்து, இடம் இல்லை என்றதும் மனம் உடைந்து போகிறார்கள். அதற்கு முன்பதிவு கட்டாயம், தனிக் கட்டணமும் உண்டு. ஆனால் அதே தண்டவாளத்தில் சாதாரண ரயில்கள் நாள் முழுக்க ஓடுகின்றன. மாறி ஏற வேண்டும், கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். முன்பதிவு வேண்டாம், சன்னலுக்கு வெளியே தெரிவதும் அதே மலைதான். ஸ்கீ பையோடு போகிறவர்களுக்கு நான் இந்த ரயில்களைத்தான் சொல்வேன்.

காரா ரயிலா என்பதை ஆளுக்கு எவ்வளவு செலவு என்று மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதலில், செர்மாட்டுக்குள் கார் போகவே முடியாது. ஐந்து கிலோமீட்டர் முன்னால் டேஷ் என்ற ஊரில் நிறுத்திவிட்டு, 12 நிமிட ரயிலில் ஏறிப் போக வேண்டும். அங்கே தங்கும் அத்தனை இரவும் கார் டேஷில் சும்மா நிற்கும். வாடகையும் நிறுத்தக் கட்டணமும் ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம், நான்கு பேர் உட்காரும் சின்னக் கார் நான்கு பேரின் ஸ்கீயைச் சுமக்காது. 175 சென்டிமீட்டர் ஸ்கீ டிக்கியில் குறுக்கே நுழையாது. பின்னிருக்கையில் ஒரு பாதியை மடக்க வேண்டும். மடக்கினால் அங்கே ஓர் ஆள் குறைவு. வண்டி எடுக்கும் இடத்தில் நின்றுகொண்டு இதைக் கண்டுபிடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். மேல்கூரைப் பெட்டியோ ஸ்கீ தாங்கியோ வேண்டுமென்று பதிவு செய்யும்போதே எழுத்தில் கேளுங்கள்.

ஜெனீவா விமான நிலையத்தில் ஒரு தனிச் சங்கதி இருக்கிறது. அங்கே சுவிஸ் பக்கம், பிரெஞ்சுப் பக்கம் என்று இரண்டு உண்டு. பிரெஞ்சுப் பக்கத்தில் வாடகை பெரும்பாலும் குறைவாக இருக்கும், அதைப் பார்த்து நிறையப் பேர் பதிவு செய்கிறார்கள். அந்த வண்டியில் சுவிஸ் நெடுஞ்சாலைக்கான விக்னெட், அதாவது சாலைக் கட்டண வில்லை, இல்லாமல் இருக்கலாம். அதை வாங்கினால் ஆண்டு முழுமைக்கும் 40 பிராங்க். ஒரு வாரத்துக்கு மட்டும் என்று கிடையாது. குளிர்கால டயரும் தானாக வரும் என்று சொல்ல முடியாது. பிரான்சில் மலைப்பகுதி ஊர்களில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயரோ, டயரில் மாட்டும் பனிச் சங்கிலியோ கட்டாயம். ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, சாலையில் பனி இருந்தால் குளிர்கால டயர் இல்லாமல் ஓட்டக் கூடாது. சுவிட்சர்லாந்தில் அப்படிச் சட்டம் இல்லை, ஆனால் விபத்து நடந்தால் சாதாரண டயர் உங்களுக்கு எதிராகப் பேசும். வண்டியைத் திருப்பும்போதும் கவனம் வேண்டும்: எந்தப் பக்கம் எடுத்தீர்களோ அந்தப் பக்கமே விட வேண்டும், பிரெஞ்சுப் பக்கத்துக்குப் பிரான்சு வழியாகத்தான் சாலை. விமானத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது இது தெரியவந்தால் வயிறு கலங்கிவிடும்.

ஜெனீவாவில் எடுத்து ஆஸ்திரியாவில் விடுவதற்கு வேறொரு பெரிய கட்டணம் உண்டு. ஆஸ்திரியாவில் நுழைந்ததும் அந்த நாட்டு விக்னெட் தனி. ஆர்ல்பெர்க் சாலைச் சுரங்கத்துக்கு அதற்கும் மேலே தனிச் சுங்கம். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் இந்த நான்கு ஊர்ப் பாதைக்கு ரயில்தான் என் தேர்வு. சாங்க்ட் ஆன்டனுக்கு சூரிச்–வியன்னா ரயில்ஜெட் என்ற விரைவு ரயில் நேராகவே வந்து நிற்கிறது, நிலையமும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஆண்டர்மாட்டிலிருந்து வருபவர்கள் டிசென்டிஸ், கூர், சார்கன்ஸ் வழியாக வந்து ரயில்ஜெட்டில் ஏறலாம், அல்லது கோஷெனென் வழியாக சூரிச் வந்து ஏறலாம். எப்படி வந்தாலும் 4 மணி நேரத்துக்கு மேல். ரயில்ஜெட்டில் முன்பதிவு கட்டாயம் இல்லை. ஆனாலும் பிப்ரவரியில் இருக்கையைப் பதிவு செய்யாமல் ஏறினால் ஸ்கீ பையை அணைத்துக்கொண்டு கதவோரம் நின்றே வர வேண்டியிருக்கும்.

சனிக்கிழமை. இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். ஆல்ப்ஸ் முழுக்க வாடகை வீடுகள் சனிக்கிழமை காலியாகி சனிக்கிழமை நிரம்புகின்றன. பிரான்சில் பிப்ரவரி பள்ளி விடுமுறை மூன்று மண்டலங்களாகப் பிரிந்து வருகிறது. சுவிட்சர்லாந்தில் மாநிலத்துக்கு மாநிலம், ஆஸ்திரியாவிலும் அப்படியே. பிசோன் ஃபுட்டே என்ற பிரெஞ்சு அரசின் சாலைச் சேவை ஒவ்வொரு நாளின் நெரிசலையும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று முன்கூட்டியே நிறமிட்டு வெளியிடுகிறது. விடுமுறைச் சனிக்கிழமைகளில் பெரும்பாலும் ஆரஞ்சும் சிவப்பும்தான் கண்ணில் படும். ஜெனீவா விமான நிலையத்திலிருந்து ஷமோனி சுமார் 90 கிலோமீட்டர், சாதாரண நாளில் ஒன்றேகால் மணி நேரம். விடுமுறைச் சனிக்கிழமையில் அந்தக் கணக்கைக் கையில் வைத்திருக்காதீர்கள். செவ்வாய் அல்லது புதன்கிழமை இடம் மாறுங்கள். அதற்கு மூன்று இரவு, நான்கு இரவு என்று இடம் தரும் விடுதியைத் தேட வேண்டும், வாரக் கணக்கில் மட்டும் தரும் வீடுகளை விட்டுவிட வேண்டும். அதனால்தான் தேதியையும் போக்குவரத்தையும் முடித்த பிறகு அறை தேடச் சொல்கிறேன். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

சுமை பற்றி என் கருத்து கொஞ்சம் கறார். பல ஊர் பயணத்துக்கு ஸ்கீயைச் சொந்தமாகக் கொண்டு வராதீர்கள், பூட்ஸை மட்டும் கொண்டு வாருங்கள். ஸ்கீயும் போர்டும் எல்லா ஊரிலும் வாடகைக்குக் கிடைக்கும். உங்கள் காலுக்குப் பழகிய பூட்ஸ் கிடைக்காது. விஸ்பில் ஐந்தாறு நிமிடத்தில் நடைமேடை மாறும் குடும்பத்தைக் கற்பனை செய்து பாருங்கள். இரண்டு மீட்டர் பை தோளில், சக்கரப் பெட்டி ஒரு கையில், பிள்ளையின் கை இன்னொரு கையில். சொந்த ஸ்கீதான் வேண்டும் என்றால் ஒருவருக்கு ஒரு பை, அதில் சக்கரம் கட்டாயம். இடையிடையே 15 நிமிடமாவது இருக்கும் இணைப்புகளாகத் தேர்ந்தெடுங்கள். பெட்டியை முன்னால் அனுப்பும் சேவையைச் சுவிஸ் ரயில்வே தருகிறது. அதை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், அன்றே வந்துவிடும் என்று எண்ணி மாற்று உடையில்லாமல் போய் நிற்கக் கூடாது. ஸ்கீ பைக்கான விதி விமானத்துக்கு விமானம் வேறு; இரண்டு விமானம் மாறி வருபவர்கள் இரண்டின் விதியையும் தனித்தனியே படித்துவிடுங்கள்.

ஊர் போய்ச் சேர்ந்துவிட்டால் போக்குவரத்து முடிந்தது என்று நினைப்பதும் ஒரு தவறு. ஷமோனியில் சரிவுகள் ஒரே இடத்தில் இல்லை. ப்ரெவாங் ஒருபுறம், கிராண்ட் மோந்தே ஆர்ஜான்தியேரில், லெ டூர் பள்ளத்தாக்கின் மேல் முனையில், லெஸூஷ் கீழ் முனையில். தினமும் பேருந்திலோ ரயிலிலோ போயாக வேண்டும். தங்குமிடத்தில் தரும் விருந்தினர் அட்டை இருந்தால் பள்ளத்தாக்கின் பேருந்துகளும், செர்வோஸ் முதல் வலோர்சின் வரை ரயிலும் இலவசம். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்காததால் டிக்கெட் எடுத்து அலைந்தவர்களைத் தெரியும்.

செர்மாட்டிலிருந்து எல்லை தாண்டி இத்தாலியின் செர்வினியாவுக்குச் சறுக்கிப் போவது பெரிய அனுபவம், விடாதீர்கள். ஆனால் திரும்பி வருவதற்கான கடைசி லிஃப்ட் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பார்த்துவிடுங்கள். காற்று அடித்தால் அதற்கு முன்பே நிறுத்திவிடுவார்கள். நிறுத்திவிட்டால் திரும்ப ஒரே வழி சாலைதான்: ஆவோஸ்தா பள்ளத்தாக்கில் இறங்கி, கிராண்ட் சான் பெர்னார் சுரங்கம் வழியாக சுவிட்சர்லாந்துக்குள் வந்து, மறுபடி விஸ்ப், டேஷ். இரவில் பல மணி நேரம், வாடகை வண்டிக்குக் கணிசமான பணம். அன்றைக்குப் பாஸ்போர்ட்டும் பண அட்டையும் ஜாக்கெட்டின் உள்பையில் இருக்கட்டும். ஷெங்கன் விசாவில் வந்திருப்பவர்கள் இதை மறக்கவே கூடாது. சாங்க்ட் ஆன்டனிலும் இதே கதைதான், சின்ன அளவில். 2016-இல் ஃபிளெக்சன் லிஃப்ட் வந்ததிலிருந்து லெக் என்ற ஊர் வரை ஸ்கீயிலேயே போகலாம். நேரம் தவறினால் பேருந்து உண்டு. நாலரை மணிக்கு அந்த நிறுத்தத்தில் இருக்கும் கூட்டத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் திரும்பும் விமானம். 2018 ஜனவரியில் கடும் பனியால் செர்மாட்டுக்குப் போகும் சாலையும் ரயில் பாதையும் ஒன்றாக அடைபட்டன. சுமார் 13,000 பயணிகள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டரில் சிலரை வெளியே கொண்டு வந்தார்கள். இப்படி அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் ஒரு நாள் வழி அடைபடுவது ஒவ்வொரு குளிர்காலமும் எங்காவது நடக்கிறது. ஆகவே செர்மாட் மாதிரி ஒரே வழி உள்ள ஊரைப் பயணத்தின் கடைசியில் வைக்காதீர்கள். சாங்க்ட் ஆன்டன் கடைசி ஊராக இருக்க நல்ல இடம்: கிழக்கே இன்ஸ்புருக், மேற்கே சூரிச், இரண்டு பக்கமும் ரயில். இன்ஸ்புருக் விமான நிலையம் கிட்டத்தில் இருந்தாலும் அது மலைகளுக்கு நடுவில் உள்ளது, ஃபோன் என்ற தெற்குக் காற்று பலமாக அடிக்கும் நாளில் விமானங்களை வேறு ஊருக்குத் திருப்பிவிடுவார்கள். நீண்ட தூர விமானம் பிடிக்க வேண்டியவர்கள் முந்தைய மாலையே சூரிச் வந்துவிடுங்கள். இரண்டரை மணி நேரம்தான், விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிற்கும். நண்பரும் அப்படித்தான் செய்தார். அன்றிரவு எங்கள் வீட்டு ஹீட்டர் மேல் நான்கு ஜோடி பூட்ஸின் உள்ளுறைகள் காய்ந்துகொண்டிருந்தன.