மூடிய விளக்கில் பல்பு அடிக்கடி போனது ஏன்?

கூரையோடு ஒட்டிய கண்ணாடிக் குடுவை விளக்கில் எல்இடி பல்பு சில மாதம்கூடத் தாங்கவில்லை. மின்சாரத்தைத் துண்டித்து, சூடு ஆறியதும் கழற்றிப் பார்த்தேன். பல்பின் அடிப்பகுதி பழுப்பேறியிருந்தது. வீட்டு மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிரைவர் சர்க்யூட் அங்கேதான் இருக்கிறது. காற்றோட்டம் இல்லாவிட்டால் அதிலுள்ள கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் சிறு பாகம்) சூட்டிலேயே செத்துப்போகும். மூடிய விளக்குக்கு ஏற்றது என்று அட்டையில் போட்டிருந்த பல்பைத் தேடி வாங்கி மாட்டினேன். இப்போது நின்று எரிகிறது.

ஹோல்டரில் அதிகபட்சம் 60 வாட் என்றிருந்தால் குண்டு பல்பில் அதைத் தாண்டவே கூடாது. ஒயர் உறை கருகித் தீப்பிடிக்கலாம். 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்துக்கு, அதாவது சுமார் 800 லூமனுக்கு (லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு), 9 வாட் எல்இடியே தாராளம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் சுவிட்ச் இருந்தால் அதற்கென்றே செய்த பல்பு வேண்டும். ஹோல்டரே கருகியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், பல்பு அப்புறம்.