கொய்யாப் புழுவா, குடற்புழுவா? பிரித்துப் பார்ப்பது எப்படி

கொய்யாவைப் பாதி தின்ற பிறகு மீதியில் வெள்ளையாக ஒன்று நெளிந்தால் யாருக்கும் குமட்டும். அப்புறம் ஒரே பயம்: வயிற்றுக்குள் போய் வளருமோ? வளராது. அது பழ ஈயின் புழு. நம் வயிற்றில் பெரும்பாலும் செத்து, சாப்பாட்டோடு செரித்துவிடும். காலிஃப்ளவரின் பச்சைப் புழுவும் கத்தரிக்காய்க்குள் இருக்கும் இளஞ்சிவப்புப் புழுவும் அப்படித்தான்.

மலத்தில் ஏதாவது தெரிந்தால்தான் உற்றுப் பார்க்க வேண்டும்.

முதலில், அது புழுதானா என்று பாருங்கள். வாழைப்பழம் தின்ற குழந்தையின் மலத்தில் கறுப்பு நூல்போல வருவது பழத்தின் நார். ஈ மொய்த்துக் கிடந்த மலமென்றால், புழு பிறகு வந்ததாகவும் இருக்கலாம்.

அடுத்து, கையுறை போட்டுக் குச்சியால் எடுத்து, வேண்டாத வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் விடுங்கள். போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். பழுப்பாகக் கெட்டித் தலையும் குட்டிக் கால்களும் இருந்தால் காய்ப்புழு. ஒரு முனை கூர்மையாக, மொட்டையான மறுமுனையில் இரண்டு கரும்புள்ளிகள் தெரிந்தால் ஈப்புழு.

இரு முனையும் கூம்பி, மண்புழு நீளத்துக்கோ அதைவிட நீளமாகவோ (15 முதல் 35 செ.மீ.) வழவழவென்று இருந்தால் உருளைப்புழு. ஒரு செ.மீ. வெள்ளை நூல் துண்டுபோல இருந்தால் கீரிப்பூச்சி. பிள்ளை ராத்திரியில் ஆசனவாயைச் சொறிந்தால் சந்தேகமே வேண்டாம். தட்டையான வெள்ளைத் துண்டுகள் நாடாப்புழுவுடையவை. கொக்கிப்புழு மட்டும் கண்ணில் படாது. குடலைக் கவ்வி ரத்தம் குடிக்கும். மலப் பரிசோதனையில் முட்டையைத்தான் பார்க்க முடியும்.

எதுவானாலும் தூக்கி எறியாமல் சின்ன டப்பாவில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளை ஒட்டிப் பள்ளிகளில் தரும் குடற்புழு மாத்திரையான அல்பெண்டசோல் எல்லாப் புழுவுக்கும் ஒரே கணக்கில் போதாது.

‘காலிஃப்ளவர் தின்றால் மூளையில் புழு வரும்’ என்ற பயத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பச்சைப் புழுவுக்கு அதில் பங்கே இல்லை. பன்றி நாடாப்புழு உள்ள ஒருவரின் மலம் தோட்டத்து மண்ணிலோ தண்ணீரிலோ கலந்தால், கண்ணுக்கே தெரியாத முட்டை காயில் ஒட்டி வரும். மூளைக்குப் போவது அதிலிருந்து வரும் குஞ்சுப்புழு.

உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீர் பச்சைப் புழுவை வெளியேற்றும். முட்டைக்கு அது போதாது. பூவைச் சிறுசிறு கிளையாக உடைத்து, ஓடும் தண்ணீரில் விரலால் தேய்த்துக் கழுவி, நன்றாக வேகவையுங்கள். பச்சையாகத் தின்னும் கொத்தமல்லியையும் கேரட்டையும் இன்னும் இரண்டு தடவை கூடவே அலசுங்கள்.